புளி போட்டுத் தேய்க்காதே

ஹட்டனில் ஜூன் மாதம் வெயிலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அன்றும் காலையிலிருந்தே தூறல். அக்கா மகன் குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தேன். அவன் கோப்பையைத் தொடவில்லை. போனை என் பக்கம் திருப்பினான்.

"மாமா, பாரிஸ்ல இருந்து மச்சான் அனுப்பியிருக்கார். ஞாயித்துக்கிழமை பழைய சாமான் சந்தையில வாங்கினாராம். வாளா, கத்தியான்னு தெரியல. உங்ககிட்ட கேக்கச் சொன்னார்."

படத்தில் ஒரு முழத்துக்கும் நீளமான அலகு. நேராகப் போகாமல் மெல்ல உள்வாங்கி, நுனிக்கு முன்னால் மறுபடி வெளியே வளைந்திருந்தது. பிடி முழுக்கப் பித்தளை. விரல் வழுக்காதபடி குறுக்கே வரிவரியாகப் பள்ளம். பித்தளை கறுத்து, பழைய குத்துவிளக்கின் அடிப்பாகம் போல இருந்தது.

"அம்மா சொல்றாங்க, புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு வந்துடுமாம்."

"முதல்ல மச்சானுக்கு மெசேஜ் போடு. புளி வேண்டாம், எலுமிச்சம்பழம் வேண்டாம், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அலகோட முதுகை வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சு, கிட்ட வச்சு இன்னொரு படம் எடுக்கச் சொல்லு."

நான் ஆயுதம் சேர்ப்பவன் அல்லன். வீட்டில் இருக்கும் கூர்மையான பொருள் கவ்வாத்துக் கத்தி ஒன்றுதான், அதுவும் அப்பா விட்டுப்போனது. ஆனால் பழைய ஆயுதங்களைப் பற்றி நாற்பது ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். ஏன் என்பது இந்தத் தேத்தண்ணி முடிவதற்குள் புரியும்.

பத்து நிமிடத்தில் அடுத்த படம் வந்தது. அலகின் கூரில்லாத முதுகில், கல்யாணப் பத்திரிகை எழுத்துப்போலச் சாய்ந்த எழுத்தில் ஒரே வரி. பெரிதாக்கிப் பார்த்தோம். சான்-எத்தியென் என்ற ஊர், மார்ச் மாதம், 1869. ஊர்ப் பெயருக்கு முன்னால் தொழிற்சாலை என்ற சொல். அதையடுத்து 'பேரரசுக்குரிய' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம்.

"இது பயனெட். துப்பாக்கிக் குழலின் முனையில் மாட்டுற கத்தி. 1866ஆம் வருஷ மாதிரி சாஸ்போ ரைபிளுக்காகச் செய்தது. அந்தச் சின்னச் சுருக்கத்தைப் பாரு. அப்ப பிரான்சை ஆண்டது மூன்றாம் நெப்போலியன். 1870 செப்டம்பர் 4ஆம் தேதி குடியரசு வந்துடுச்சு. அதுக்கப்புறம் செய்த அலகுல அந்தச் சொல் இருக்காது. ஓர் ஆட்சி விழுந்ததை ஒரு கத்தி முதுகுல படிக்கலாம். உப்புத்தாள் போட்டிருந்தா முதல்ல போறது அந்த வரிதான்."

பழைய படைக்கலம் சேர்ப்பதன் அரிச்சுவடி இதுதான். வாங்குவதற்கு முன் வாசிக்க வேண்டும். பிரெஞ்சு ஆயுதங்கள் அதற்கு நல்ல பாடப்புத்தகம். சான்-எத்தியென், ஷாத்தெல்ரோ, துல் ஆகிய ஊர்களின் அரசுத் தொழிற்சாலைகள் ஊர்ப் பெயர், மாதிரி ஆண்டு, எண் எல்லாவற்றையும் உலோகத்தில் பொறித்தே அனுப்பின. பயனெட்டின் குறுக்குக் கம்பியில் ஓர் எண் இருக்கும். உறையிலும் அதே எண் இருந்தால் இரண்டும் பிறப்பிலிருந்தே சேர்ந்தவை. எண் மாறியிருந்தால் எங்கோ ஒரு கிடங்கில், ஏதோ ஒரு போரில் ஜோடி பிரிந்திருக்கிறது. சேகரிப்பவர்கள் ஒரே எண்ணுள்ள ஜோடிக்கு அதிக விலை கொடுப்பதற்கு இதுதான் காரணம்.

"சரி மாமா, அந்த ரைபிள்ல என்ன விசேஷம்?"

கேட்க வேண்டிய கேள்வி. அலகு துணைக்கருவி, கதை துப்பாக்கியில் இருக்கிறது.

அதற்கு முந்தைய துப்பாக்கிகளில் மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே போட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். அதற்குச் சிப்பாய் எழுந்து நிற்க வேண்டும். நின்றால் எதிரிக்குத் தெரிவான். பிரஷ்யர்கள் பின்பக்கம் திறந்து தோட்டா போடும் ஊசித் துப்பாக்கியைக் கொண்டுவந்து 1866இல் ஆஸ்திரியாவை வென்றார்கள். பிரான்ஸ் விழித்துக்கொண்டது. அந்தோவான் அல்போன்ஸ் சாஸ்போ என்பவர் வடிவமைத்த ரைபிள் அதே ஆண்டு படைக்கு வந்தது.

அதன் தோட்டா காகிதத்தால் சுற்றியது, உள்ளே கரிமருந்து, முன்னே 11 மில்லிமீட்டர் ஈயக்குண்டு. விசையை இழுத்தால் நீண்ட ஊசி ஒன்று பாய்ந்து தோட்டாவின் அடியில் இருக்கும் பொறிமருந்தைக் குத்தும். பிரஷ்யத் துப்பாக்கியில் பொறிமருந்து குண்டின் அடியில் இருந்ததால் ஊசி கரிமருந்து முழுவதையும் துளைத்துப் போய் அந்த நெருப்பிலேயே கிடந்து கெட்டது. சாஸ்போவில் அந்தத் தூரம் குறைந்தது. அடுத்தது வாயு பின்னால் கசியும் பிரச்சினை. போல்ட்டின் தலையில் ஒரு ரப்பர் வளையம் வைத்தார். வெடிக்கும்போது அழுத்தத்தில் வளையம் பிதுங்கி இடுக்கை அடைத்துக்கொள்ளும்.

"பிரஷர் குக்கர் வளையம் மாதிரியா?"

"அதேதான். அதே மாதிரி அதுவும் தேயும். அதனால சிப்பாய் மாற்று வளையமும் மாற்று ஊசியும் கூடவே வச்சிருப்பான்."

குறிபார்க்கும் பலகையில் 1,200 மீட்டர் வரை அளவு போட்டிருந்தார்கள். பிரஷ்யத் துப்பாக்கி அதில் ஏறத்தாழ பாதித் தூரம்தான் எட்டும். அப்படியிருந்தும் பிரஷ்யாவோடு நடந்த 1870 போரில் பிரான்ஸ் தோற்றது. க்ருப் தொழிற்சாலையின் எஃகுப் பீரங்கிகளும், ரயிலில் படையைக் குவித்த ஏற்பாடும், பிரெஞ்சுத் தலைமையின் தடுமாற்றமும் சேர்ந்து, சிப்பாயின் கையிலிருந்த நல்ல ரைபிளைப் பயனில்லாமல் செய்துவிட்டன. சிக்கிய சாஸ்போக்கள் பலவற்றை ஜெர்மானியர் குழலை வெட்டிக் குட்டையாக்கித் தங்கள் குதிரைப்படைக்குக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட துப்பாக்கியில் இரண்டு நாட்டு முத்திரையும் இருக்கும். வென்றவனும் தோற்றவனும் ஒரே இரும்பில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

1869 என்றதும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. அந்த அலகைச் சான்-எத்தியெனில் தீட்டிய அதே ஆண்டுதான் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைநோய் முதலில் காணப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். கோப்பி அழிந்தது, தேயிலை மலையை மூடியது, நம் பாட்டன் பூட்டன்மார் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். மச்சான் சந்தையில் வாங்கிய கத்திக்கும் நம் லயத்துக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான்.

தோற்ற பிரான்ஸ் காகிதத் தோட்டாவைக் கைவிட்டது. பாசில் க்ரா என்ற அதிகாரி 1874இல் உலோகத் தோட்டா போடும் ரைபிளை உருவாக்கினார். உலோகக் கூடே விரிந்து வாயுவை அடைத்துவிடுவதால் ரப்பர் வளையம் தேவையில்லாமல் போயிற்று. பழைய சாஸ்போக்களையும் இப்படி மாற்றினார்கள். க்ரா பயனெட்டின் அலகு நேரானது. மரப்பிடி, பித்தளைக் குமிழ். முதுகில் அதே சாய்ந்த எழுத்தில் ஊர், மாதம், ஆண்டு. உலகத்தின் பழம்பொருள் கடைகளில் அதிகம் கிடைக்கும் பிரெஞ்சு அலகுகள் இந்த இரண்டும்தான். அடையாளம் காண ஒரு வழி போதும்: வளைந்த அலகு, முழுப் பித்தளை என்றால் சாஸ்போ, நேரான அலகு, மரப்பிடி என்றால் க்ரா.

இதுவரை சொன்னது கரிமருந்துக் காலம். ஒரு சூடு விட்டால் வெள்ளைப் புகை எழும். பத்து சூட்டில் நம் மலையை மூடும் பனிமூட்டம் போல ஆகிவிடும். சுட்டவனுக்கே எதிரி தெரியாது, எதிரிக்கோ சுட்டவன் இருக்கும் இடம் நன்றாகத் தெரியும். 1884இல் போல் வியேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் புகையில்லாத வெடிமருந்தைச் செய்தார். கரிமருந்தைவிடப் பல மடங்கு வலிமை. புகை மிகக் குறைவு. குழலில் கரியும் அவ்வளவு படியாது. 1886இல் போர் அமைச்சரான ஜெனரல் பூலான்ஜே உடனே ஒரு ரைபிள் வேண்டும் என்று அவசரப்படுத்தினார். அதே ஆண்டு வந்ததுதான் லெபெல் ரைபிள். குழுவாகச் செய்த வேலை. குண்டின் பங்கில் உழைத்த கர்னல் நிக்கொலா லெபெல் பெயர் அதில் நிலைத்துவிட்டது. 11 மில்லிமீட்டர் குழல் 8 ஆகச் சுருங்கியது. அந்த ஓர் ஆண்டில் உலகத்தின் மற்ற எல்லாப் படைகளின் துப்பாக்கியும் பழசாகிப்போனது.

அவசரத்துக்கும் ஒரு விலை இருந்தது. புதுத் தோட்டாவை முதலிலிருந்து வடிவமைக்க நேரமில்லாமல், க்ராவின் பருத்த கூட்டையே கழுத்தில் சுருக்கினார்கள். எட்டுத் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே மரக்கட்டைக்குள் ஒரு நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றாகத்தான் உள்ளே தள்ள முடியும்.

"ஒன்றோட மூக்கு முன்னால இருக்கிறதோட பொறிமருந்துல இடிக்காதா மாமா? வெடிச்சிடுமே!"

பையனுக்குக் கை வேலை தெரியும். சரியான இடத்தைப் பிடித்துவிட்டான். 1898இல் கூர்மூக்குக் குண்டு வந்தபோது இந்த ஆபத்து இன்னும் கூடியது. அதற்கு அவர்கள் கண்ட வழி தோட்டாவின் அடிப்பாகத்தில் இருக்கிறது. பொறிமருந்தைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம் வெட்டினார்கள். கூடு பருத்துச் சரிவதால் தோட்டா சற்றுச் சாய்ந்தே கிடக்கும். பின்னாலிருப்பதன் மூக்கு நடுவில் படாமல் அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும். மாவரைக்கும் திரிகையில் முளை குழியில் உட்காருவது போல என்று நினைத்துக்கொள்ளலாம்.

லெபெலை வாசிக்கும் முறை இது. இடப்பக்க உலோகத்தில் தொழிற்சாலைப் பெயரும் 1886 என்ற மாதிரி ஆண்டும் இருக்கும். அதோடு 93 என்ற எண்ணும் இருந்தால் 1893இல் செய்த திருத்தங்களோடு வந்தது. 'என்' என்ற ஒற்றை எழுத்து குத்தியிருந்தால், 1930களில் புதிய குண்டுக்காகத் தோட்டா அறையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். ஒரே துப்பாக்கி மூன்று தலைமுறைச் சிப்பாய்களின் கையில் இருந்ததை மூன்று குத்துகள் சொல்லிவிடும். 28 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். முழுதாக, எதையும் வெட்டாமல் தப்பியவை அதில் சிறு பங்குதான்.

குழாயில் ஒவ்வொன்றாகத் தள்ளும் தாமதத்தைப் போக்கியவர் அல்ஜீரிய ரயில்வேயில் வேலை பார்த்த எமில் பெர்த்தியே. மூன்று தோட்டாக்களை ஒரு தகட்டில் செருகி ஒரே அமுக்கில் உள்ளே வைக்கும் வழி அவருடையது. 1916இல் அது ஐந்தாயிற்று. பெர்த்தியே ரைபிள்களில் 1902ஆம் ஆண்டு மாதிரி ஒன்று இந்தோசீனச் சிப்பாய்களுக்கென்றே குட்டையாகச் செய்யப்பட்டது. 1907ஆம் ஆண்டு மாதிரி செனகல் படை எனப்பட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்களுக்கு. ஆண்டவர்கள் ஆளப்பட்டவனின் உயரத்தை அளந்து துப்பாக்கி செய்திருக்கிறார்கள். அந்தக் குட்டைக் கட்டையைப் பார்த்தால் அதைத் தோளில் வைத்தவனின் ஊரைத்தான் எனக்குத் தேடத் தோன்றும்.

அவர்களில் நம்மவரும் உண்டு. புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் போனார்கள்; பின்னர் இந்தோசீனாவிலும் சேவை செய்தார்கள். ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவரைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். சிப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அங்கே தமிழாகிவிட்டது. கடற்கரைச் சாலையில் 1938இல் திறந்த போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. ஜூலை 14ஐ ஒட்டி அதற்கு விளக்கலங்காரம் செய்வார்கள். ஒரு பிரெஞ்சு ரைபிளின் கதை தமிழ் வீட்டு வாசலில் வந்து முடியும் இடம் அது.

இரண்டாவது கோப்பை ஊற்றினேன். "இதெல்லாம் எப்படி மாமா சந்தைக்கு வருது?"

புதுசு வந்ததும் படைக்குப் பழசு சுமை. அப்போது மிச்சப் படைக்கலம் என்று விற்பார்கள். க்ரா ரைபிள்கள் கிரேக்கத்துக்கும் எத்தியோப்பியாவுக்கும் போயின. 1896இல் அட்வாவில் இத்தாலியப் படையை முறியடித்த மெனலிக் பேரரசரின் வீரர்கள் கைகளில் அவை இருந்தன. கவிதையை விட்டுவிட்டு ஹராரில் கோப்பி வியாபாரம் செய்த ஆர்தர் ராம்போ 1887இல் அதே மெனலிக்குக்குப் பழைய துப்பாக்கிகளைக் கொண்டுபோய் விற்றார். ஒரு நாட்டின் மிச்சம் இன்னொரு நாட்டின் சுதந்திரத்தையும் காத்திருக்கிறது, வேறோர் இடத்தில் ஊரையும் எரித்திருக்கிறது. எஞ்சியவை இன்று சுவரிலும் கண்ணாடிப் பெட்டியிலும் இருக்கின்றன.

சட்டத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பிரான்சில் 1900 ஜனவரி 1க்கு முந்தைய மாதிரிகளைச் சில விலக்குகள் தவிர வயதுவந்தோர் சேர்க்கலாம். லெபெலும் அந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது. அமெரிக்காவில் 1898 வரை செய்யப்பட்டவை பழம்பொருள். நம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆகவே மச்சானுக்கு நான் சொல்லச் சொன்னவை: பயனெட்டைப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவராதீர்கள். என்றாவது ரைபிளே வாங்கினாலும், முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று பாருங்கள். சுட்டுப் பார்க்காதீர்கள், நூற்றைம்பது வருஷ இரும்பை நம்பக்கூடாது. மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடையுங்கள், போதும். பொறித்திருக்கும் இலக்கத்தை எழுதி வையுங்கள். யாரிடம், எங்கே வாங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். பாரிஸ் இன்வலீத் படை அருங்காட்சியகத்திலும் சான்-எத்தியென் அருங்காட்சியகத்திலும் போய் அசலைப் பாருங்கள், கண் பழகும்.

அவன் எல்லாவற்றையும் தட்டி அனுப்பிவிட்டு, ஜன்னல் வழியே எதிர்மலையைப் பார்த்தான். "நம்ம பக்கம் இப்படி ஏதும் இல்லையா மாமா?"

இந்தக் கேள்விதான் என்னை நாற்பது ஆண்டு படிக்க வைத்தது.

மலையகத்தின் கதையில் துப்பாக்கி முதல் பக்கத்திலேயே இருக்கிறது. 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸ் 1845இல் மின்னல் தாக்கி இறந்தார், கல்லறை நுவரெலியாவில். 1848இல் அதே நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் தன் வேட்டைகளைப் புத்தகமாகவே எழுதினார். 1900இல் தோட்டத் துரைமார்களைச் சேர்த்து இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை என்று ஒன்று எழுந்தது, வெள்ளைக்காரர்கள் மட்டும். அதிலிருந்து ஒரு குழு 1914இல் எகிப்துக்குக் கப்பலேறியது. இந்தத் துப்பாக்கிகளைப் பற்றிப் படிக்க எவ்வளவோ இருக்கிறது. சுட்டவர்கள் எழுதத் தெரிந்தவர்கள்.

துப்பாக்கிக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்களைப் பற்றி எழுதியது குறைவு. டெய்லர் தேயிலை வைத்த அதே ஹேவாஹெட்டைப் பகுதியில் முல்லோயா தோட்டம் இருக்கிறது. 1940 ஜனவரியில் அங்கே வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழு வந்தது. கோவிந்தன் குடும்பத்துக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். 1977 மே மாதம், தோட்டக் காணி 7,000 ஏக்கரைப் பிரிக்கும் திட்டத்தை எதிர்த்தபோது டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். அவர்கள்மேல் பாய்ந்த குண்டு எந்த மாதிரித் துப்பாக்கியிலிருந்து வந்தது என்பதைவிட, அவர்கள் எதற்காக அங்கே நின்றார்கள் என்பது பெரிய செய்தி. ஆனால் இரும்பைப் பாதுகாக்க ஆள் இருக்கிறார்கள்; இந்தச் செய்தியை நாம்தான் பாதுகாக்க வேண்டும்.

பாதுகாத்து எழுதி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் மலையிலேயே சாட்சி உண்டு. 1765இல் டச்சுப் படை கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த ஒரு சிறு பீரங்கியை எடுத்துச் சென்றது. கண்டிப் பிரதானி லெவ்கே திசாவை தன் அரசருக்குக் கொடுத்த பரிசு அது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்தது. இரு நாட்டு ஆய்வாளர்களும் அது எப்படி அங்கே போனது என்பதை ஏடு ஏடாகத் தேடி எழுதினார்கள். 2023இல் அந்தப் பீரங்கியும், வாள்களும் கத்தியும், இரண்டு பெருந்துவக்குகளும் கொழும்புக்குத் திரும்பி வந்தன. திருப்பி அனுப்ப வைத்தது யாருடைய பலமும் அல்ல, ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு.

தூறல் விட்டிருந்தது. ஸ்டோர் பக்கமிருந்து வாட்டிய கொழுந்தின் வாசம் வந்தது. அவன் எழுந்தான்.

"கொஞ்சம் இரு" என்றேன். "உங்க பூட்டன் காலத்துல தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கொண்டுவரும்போது கழுத்துல ஒரு தகர வில்லை கட்டி விடுவாங்க. டின் டிக்கட்னு பேர். அதுல எழுத்தும் நம்பரும் குத்தியிருக்கும். எந்தத் தோட்டத்துக்குப் போற ஆள்னு அதை வச்சுத்தான் கண்டுபிடிப்பாங்க. மனுஷன் பேர் இருக்காது."

அவன் குடையை மறுபடி கீழே வைத்தான்.

"அப்பாயிகிட்ட ஒரு பழைய ட்ரங்குப் பெட்டி இருக்கு மாமா. துண்டுச்சீட்டு, பாஸ்போட்டுன்னு என்னென்னவோ வச்சிருக்காங்க. தீபாவளிக்குத் தீபாவளி அதைச் சுத்தம் பண்ணுவோம்."

"போய்ப் பாரு. வில்லை இருந்தா வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சுப் படம் எடு. நம்பரை எழுதிக்கோ. அப்பாயி உயிரோட இருக்கும்போதே, அது யார் கழுத்துல கிடந்ததுன்னு கேட்டுப் பேரையும் எழுதிக்கோ. அம்மாகிட்டயும் சொல்லி வை."

"புளி போட்டுத் தேய்க்கக் கூடாதுன்னு."

"ஆமா" என்றேன்.